அல்லிராணிக்கு ஏன் இந்தப் பழி?

வன்னிக்கு மேற்கே, மன்னார்க் கடலோரம் அரிப்பிலே இடிந்து நிற்கும் மாளிகையை ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். அருச்சுனனையே ஆட்டிப்படைத்த அந்தக் கதைப்பெண் குதிரைமலையிலிருந்து ஆண்டாள் என்பது கர்ணபரம்பரை. பாமரர் கதை கட்டுவதில் குற்றமில்லை. படித்தவர்களும் மேடையேறி, ‘எங்கள் அரசியின் அரண்மனை’ என்று மார்தட்டும்போதுதான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

இதைக் கட்டுவித்தவர் இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். காலம் 1801 முதல் 1804 வரை. கிரேக்க மோகம் தலைக்கேறிய பிரபு அவர். திட்டமும் அவருடையதே என்பர். ஏதென்சில் சலவைக்கல்லில் எழுந்த டொரிக் தூண்கள் இங்கே செங்கல்லில் எழுந்தன. சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பூசி மெருகேற்றியதும் அவையும் பளபளத்தன. இரண்டு மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. அங்கே நின்றால் தெரிவது முத்துச் சலாபம்! காற்று வாங்கவா அத்தனை உயரம்? கங்காணிக்கும் பரண் வேண்டுமல்லவா?

கீழே கடலில் நடந்தது வேறு. கல்லைக் காலுக்குக் கொடுத்து, வலைப்பையோடு கயிற்றில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளினான் குளியாளி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கு அரசே சம்பளம் கொடுத்தது. (மூடநம்பிக்கையிலும் இலாபம் உண்டென்று கண்ட பகுத்தறிவாளர்கள்!) பின்னாளில் ஏற்பட்ட முறைப்படி, கரைசேர்ந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கிலேதான் குளியாளியும் தோணிக்காரனும் பிழைக்க வேண்டும். 1906இல் சலாபமே இருபதாண்டுக் குத்தகையாக இலண்டன் கம்பனியொன்றின் கைக்குப் போயிற்று. 1907க்குப் பின் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனியும் இல்லை. குளியாளிக்கு யார் ஈடு கொடுத்தார்?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்தத் தூண்கள் எழுந்துகொண்டிருந்த 1803ஆம் ஆண்டிலேதான் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் நோர்த்தின் படை அவனை முறியடித்தது. அங்கே வெள்ளையர் நாட்டிய கல், தோற்றவன் பெயரை வென்றவன் மொழியில் சொல்லியது. ஒரே தேசாதிபதி, ஒரே ஆண்டு. அரிப்பில் மாளிகை, கற்சிலைமடுவில் பிணங்கள். இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் நம் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?

‘கலைக்கு அரசியல் ஏன்?’ என்று இரசிக நண்பர்கள் முகஞ்சுளிப்பர். மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை, ஐயா. அந்த வேலையைக் கடல் செய்துகொண்டிருக்கிறது. கரை அரிந்து சுவர்கள் சரிகின்றன. காக்கத்தான் வேண்டும். அந்தச் செங்கல்லைச் சுமந்தவனும் சுண்ணாம்பு அரைத்தவனும் நம் முன்னோரே. ஆனால் காத்த பிறகு அங்கே நடும் பலகையில் அல்லியின் பெயரை எழுதாதீர்கள். யாருடைய மூச்சைக் காவல் காக்க அந்த மாடி எழுந்தது என்பதை எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் எழுத்தில்.