வெளிநாட்டு புராஜெக்டும் போடி ஏலக்காயும்

வணிகவியல் படிக்கிற எங்களைப் போன்றவர்களின் காதில் அடிக்கடி விழுகிற சொல் 'அடாப்டபிலிட்டி'. சூழ்நிலைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் திறமை. வேலை கொடுக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்களாம். இதைக் கற்க நல்ல வழி, வெளிநாட்டுக்குப் போய் அங்கே ஒரு பிசினஸ் புராஜெக்ட் செய்வது என்கிறார்கள். ஐரோப்பாவில் 1987-லேயே எராஸ்மஸ் திட்டம் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலிய அரசு 2014-ல் 'நியூ கொழும்பு பிளான்' என்ற பெயரில் தன் இளநிலை மாணவர்களை ஆசிய, பசிபிக் நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. நம்மூர் தனியார் கல்லூரிகளும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று கிளம்பிவிட்டன.

யோசனை நல்லதுதான். ஆனால் சில நாள் பயணம், இரண்டு கம்பெனி விசிட், நிறைய போட்டோ, கடைசியில் ஒரு சான்றிதழ். இதில் மாணவன் எதற்கு ஏற்ப மாறினான்? ஏசி பஸ், இந்தியச் சாப்பாடு, தமிழ் பேசும் கைடு என்று சூழ்நிலைதான் அவனுக்கு ஏற்ப மாறியிருக்கிறது :-)

என்னைக் கேட்டால், நாடு மாறினால் மட்டும் இந்தத் திறமை வந்துவிடாது. நாம் போட்ட கணக்கு தப்பினால் யாரோ ஒருவருக்கு நிஜமாகவே பணம் போகும் என்கிற இடத்தில் வேலை பார்த்தால்தான் வரும். அப்படி ஓர் இடம் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. போடிநாயக்கனூர்.

போடி சந்தைக்கு வரும் ஏலக்காய் பெரும்பாலும் விளைவது கேரளத்து இடுக்கி மலைகளில். ஏலம் நடப்பது இரண்டு இடங்களில்: மலைமேல் புத்தடி, கீழே போடி. வேலையாட்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி இறங்குகிறார்கள். ஒரே பொருள், இரண்டு மாநிலம், இரண்டு மொழி, இரண்டு அரசாங்கம். 2007-ல் மின்னணு ஏலம் வந்தபோது, குரல் கொடுத்துக் கேட்டுப் பழகிய வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்ப்பதை அவர்கள் விடவில்லை. எதை மாற்றுவது, எதை விடாமல் வைத்துக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

விலையைப் பாருங்கள். 2018-ல் வெள்ளம், அடுத்த வருடம் மழைக் குறைவு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து ஒருவர் புதிதாக நட்டிருந்தால், செடி நன்றாகக் காய்க்க இரண்டு மூன்று வருடமாகும். நடுவில் 2020-ல் கொரோனா. ஏலம் நின்றது, மாநில எல்லை மூடியது, வேலையாட்கள் மலையேற முடியவில்லை. 2021 கடைசியில் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே. 2024 கோடையில் செடிகள் காய்ந்தன, விலை மறுபடி ஏறியது. ஆக, விலைக்குப் பின்னால் ஓடுவதற்குப் பெயர் அடாப்டபிலிட்டி இல்லை. ஏலத்துக்கு நடுவே மிளகும் காப்பியும் வைத்துக்கொண்டு, விழுந்தாலும் எழுந்திருக்க வழி வைத்திருக்கும் விவசாயியிடம் இருப்பதுதான் அது.

நிற்க. வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் நம்மைத் தெரியாத ஊரில், மொழி தெரியாமல் நிற்பதும் ஒரு படிப்புதான். ஆனால் போகிற இடத்தைக் கேள்வி தீர்மானிக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தோட்ட முதலாளி ஏலச்செடியை மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகில் அதிகம் ஏலக்காய் ஏற்றுமதி செய்வது அந்த நாடு. நம் காயில் பெரும்பகுதியை நாமே சாப்பிட்டுவிடுகிறோம். அவர்கள் அநேகமாக முழுவதையும் வெளியே அனுப்புகிறார்கள். அங்கே சிறு விவசாயிகள் பெரும்பாலும் பச்சைக்காயாகவே இடைத்தரகரிடம் விற்றுவிடுகிறார்கள். போடியில் ஆறு வாரம் வேலை பார்த்த மாணவன் அங்கே போனால், தெரிந்த பொருள், தெரியாத சந்தை. தன் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அது படிப்பு.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். போக முடிந்தவனுக்குத் தனி மதிப்பெண், தனிச் சான்றிதழ். போக முடியாதவன் சீனியர் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கிறான். இரண்டு பேரும் எதையும் கற்கவில்லை. ஆனால் ஒருவனிடம் பணம் இருந்தது என்பது மட்டும் 'திறமை' என்று பதிவாகிறது. மலையேறும் ஜீப்பில் போகிறவர்களின் பிள்ளைகளும் நம்மோடுதான் பி.காம். படிக்கிறார்கள். லீவில் அவர்களும் காய் எடுக்கப் போகிறார்கள், மலையாளத்தில் கூலி பேசுகிறார்கள், மழை வந்தால் அன்றைய திட்டத்தை மாற்றுகிறார்கள். ரெஸ்யூமில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

கல்லூரிகள் செய்யக்கூடியது ரொம்பப் பெரிய காரியம் இல்லை. எல்லா மாணவர்களுக்கும் முதலில் உள்ளூரில் ஒரு நிஜமான புராஜெக்ட். ரிப்போர்ட்டைப் பேராசிரியர் மட்டும் படித்தால் போதாது. அந்த விவசாயியோ வியாபாரியோ படித்து, பயன் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதில் நன்றாகச் செய்தவர்களைக் கல்லூரிச் செலவில் வெளிநாடு அனுப்பட்டும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.