‘டீகப்’ குட்டியின் பட்டினி

“கம்மியாப் போடுங்க சார், அப்பத்தான் சின்னதாவே இருக்கும்.” ஷீட்ஸூவோ பொமரேனியனோ வாங்கிப்போகிறவர்களிடம் இப்படிச் சொல்லி அனுப்பும் விற்பனையாளர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கூடவே பிளாஸ்டிக் பையில் கால் கிலோ தீனியும் கட்டிக் கொடுப்பார்கள். அதில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து வாங்கியவர் அந்த வாக்கை வேதமாக எடுத்துக்கொண்டு, குட்டியின் பசியோடு வீடு திரும்புகிறார்.

‘டீகப்’ என்று ஓர் இனமே கிடையாது. அது விற்பனைக்காகச் சூட்டிய பெயர். நாய் எவ்வளவு வளரும் என்பது தாய் தகப்பனிடமிருந்து வருவது. தீனியைக் குறைத்தால் அழகான குள்ள நாய் கிடைக்காது. எலும்பும் தசையும் தேறாத நோஞ்சான்தான் மிஞ்சும்.

கணக்கு இதற்கு நேர் எதிரானது. 1 கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். அதே எடையில் வளர்ந்து முடித்த நாய்க்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். சின்ன இனங்கள் எட்டு, பத்து மாதத்தில் வளர்ச்சியை முடித்துவிடும். பெரிய நாய் ஒன்றரை ஆண்டில் செய்வதை இவை அவசர அவசரமாகச் செய்கின்றன. இரைப்பையோ மிகச் சிறியது. ஆகவே தீனி கொஞ்சமாக இருக்கலாம். சத்து செறிவாக இருந்தாக வேண்டும். ‘வளரும் குட்டிகளுக்கான முழு உணவு’ என்று பொட்டலத்தில் அச்சிட்ட நல்ல தீனியில் 55 கிராம் அளவில் அந்த 200 கலோரி கிடைத்துவிடும். அதையே பாலில் எடுக்கப் பார்த்தால் 300 மில்லிக்கு மேல், குட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஊற்ற வேண்டும். தாய் நாயின் பாலைவிடப் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் பாதிக்கும் குறைவு, சர்க்கரை அதிகம். விளைவு பேதி. நாம் பாசத்தோடு வைக்கும் பால் சோறு, பிஸ்கட், தயிர் சாதம் எல்லாமே வயிற்றை அடைக்கும், உடம்பைக் கட்டாது.

அந்தப் பக்கம் போனால், “நாய் கறி தின்கிற சாதிதானே” என்று வெறும் கோழிக்கறியாகப் போடுகிறவர்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். குறைகிற கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவும். சோபாவிலிருந்து குதித்த குட்டியின் கால் முறிந்தது என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, பல நேரம் குற்றவாளி சோபா அல்ல. சரி, கால்சியம் சிரப் ஊற்றிவிடலாமா? முழு உணவு தின்னும் குட்டிக்கு அது தேவையே இல்லை. வீட்டுச் சமையல் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கறி, முட்டை, சோறு, கால்சியம் எவ்வளவெவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

மணிக்கணக்கில் வந்துவிடும் அபாயம் ஒன்று உண்டு. சின்ன இனக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. இராத்திரி ஒன்பது மணிக்குத் தின்றதோடு சரி, காலையில் குட்டி தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டால் தலை தூக்காது. தூக்கக் கலக்கம் என்று விட்டால் வலிப்பு, அப்புறம் மரணம். தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவி, கதகதப்பாகச் சுற்றிக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதைத் தடுக்கும் வழி எளிது: மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கைந்து வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. ‘கம்மியாப் போடுங்க’ என்ற உபதேசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது இப்போது விளங்கும்.

இத்தனைக்கும் அந்தக் குட்டி தாயை விட்டே வந்திருக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம், அதாவது 56 நாள், நிரம்பாத குட்டியை விற்கத் தடை விதிக்கின்றன. சந்தையில் சர்வசாதாரணமாகக் காதில் விழுவது “முப்பத்தஞ்சு நாள் குட்டி”, “நாப்பத்தஞ்சு நாள் குட்டி”. சட்டத்தை மீறுவதையே விளம்பரமாகக் கூவுகிறார்கள்! பால்குடி மறக்காத குட்டிக்குப் பயணம், புது வீடு, புதுத் தீனி எல்லாம் ஒரே நாளில். பழைய தீனியோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அந்த லூஸ் தீனிக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலங்குத் தீவனத்தை ‘உணவு’ என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. அதனால் மளிகைக் கடை மிளகாய்த்தூளுக்கு இருக்கும் அந்தக் கண்காணிப்பு இதற்கு இல்லை. மூட்டையைத் திறந்து வைத்தால் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கெடுக்கும், வண்டு விழும்; குட்டிக்கா பெரிய நாய்க்கா என்பதுகூடத் தெரியாமல் போகும். வளர்ந்த நாயின் தீனியில் புரதம் 18 சதவீதம் இருந்தால் போதும் என்பது அமெரிக்கத் தரநிலை, குட்டிக்கு 22.5 சதவீதம். பைக்குள் இருப்பது எது என்று யாரைக் கேட்பது?

மாநகராட்சி உரிமம் வெறிநோய்த் தடுப்பூசியைக் கேட்கிறது. நல்லது. ஆனால் தடுப்பூசிக்கு முந்தைய வாரங்கள் யார் கணக்கு? மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் நாய் வளர்த்து விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வாரியத்தின் ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடைகளுக்குப் போகட்டும். பெரிய விசாரணை எல்லாம் வேண்டாம், இரண்டே கேள்வி: இந்தக் குட்டி பிறந்த தேதி என்ன? இந்த மூட்டையின் லேபிள் எங்கே?