போலிக் காந்தம் எது?

கோயில்கள் எல்லாம் பூமியின் காந்த சக்தி கூடும் இடம் பார்த்துக் கட்டப்பட்டவை என்றும், இதை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள் என்றும் நாடெங்கும் ஒரு பிரசாரம் நடந்து வருகின்றது. அந்தப் பேச்சின் பின்னாலேயே காந்த வளையல் வியாபாரமும் வருகின்றது. வியாதிக்காரன் வைத்தியனிடம் போக வேண்டிய பணத்தை வளையலில் போடுகின்றான். ஆகவேதான் நாம் இதை எழுத வேண்டியிருக்கின்றது.

ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த திருவானைக்காவலில் 1888ல் பிறந்தவர் சர். சி.வி. ராமன். பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகின்றது என்றும், அம்மாற்றம் உள்ளிருக்கும் அணுக்களின் அதிர்வைச் சொல்லும் என்றும் 1928ல் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டார்.

2004ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்பவர்கள் பென்சில் கிராபைட்டிலிருந்து ஒட்டும் நாடாவால் ஒரே அணுக் கனமுள்ள தகட்டை உரித்தெடுத்தார்கள். அதற்குக் கிராபீன் என்று பெயர். அதை இழுத்தால் அணுக்களின் பிணைப்புத் தளர்ந்து அதிர்வு குறையும். எவ்வளவு இழுபட்டது என்பதை ராமன் முறையே காட்டிக் கொடுக்கின்றது.

இழுப்பதால் காந்த குணமும் மாறும். குரோமியம் சல்பைடு புரோமைடு என்னும் படிகத்தின் அடுக்குகள் கடுங்குளிரில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசைக் காந்தமாய் நிற்பவை. 2022ல் அதை இழுத்தார்கள். அடுக்குகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பின. விட்டார்கள், பழையபடி ஆயின.

2010ல் அமெரிக்காவில் பெர்க்லியில், பிளாட்டினத்தின் மேல் வளர்ந்த கிராபீனில் எழும்பிய கொப்புளங்களைச் சோதித்தார்கள். அங்கே எலெக்ட்ரான்கள் 300 டெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தப்புலத்தில் அகப்பட்டவை போல் நடந்தன. பூமியின் காந்தப்புலத்தைப் போல் பல லட்சம் மடங்கு! ஆனால் அங்கே காந்தம் ஒன்றுமில்லை. எல்லாம் இழுவிசை செய்த வேலை. ஆகவே விஞ்ஞானிகள் அதற்குப் "போலிக் காந்தப்புலம்" என்றே பெயர் சொல்லுகின்றார்கள்.

தோழர்களே! இத்தனை பெரிய எண்ணை அளந்தும், இல்லாத காந்தத்தை இல்லை என்று சொல்லுவது அறிவின் யோக்கியதை. ஒன்றையும் அளக்காமல் காந்தம் என்று சொல்லிக் காசு வாங்குவதற்கு என்ன பெயர்?

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு திசைகாட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மலைக்கோட்டையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை நடந்து பாருங்கள். இரும்பு கிட்டே வந்தால் முள் சற்றே விலகும். அது இரும்பின் மகிமை. மற்ற இடங்களிலெல்லாம் உங்கள் வீட்டில் போலவே வடக்கைக் காட்டினால், அந்த விசேஷ சக்தி எங்கே என்று சொன்னவரையே கேளுங்கள்.