அறுபதுக்கு மேல் போகாது, சார்

பொங்கலுக்கு சீயமங்கலம் போயிருந்தபோது அக்கா பையன் தன் லேப்டாப்பைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தான். "மாமா, இதுக்கு 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன் போட முடியுமா? சர்வீஸ் சென்டர்ல முடியவே முடியாதுங்குறாங்க."

அவன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அக்கா இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த கேமிங் லேப்டாப் அது. ஒரு வளையல்தான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. உள்ளே தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு. அது நொடிக்கு 120 படம் வரைந்து தள்ளும். ஆனால் ஸ்கிரீன் நொடிக்கு 60 முறைதான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக, வளையலை வைத்து வாங்கிய வேகத்தில் பாதி கண்ணுக்கு வந்து சேராமலே போகிறது. பையன் வேலோரண்ட் ஆடுகிறான், மறைக்கவில்லை. மிச்ச நேரத்தில் பிளெண்டரில் எங்கள் ஊர்க் குகைக்கோயிலை முப்பரிமாணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

சர்வீஸ் சென்டருக்கு நானே போன் போட்டேன். "இந்த மாடலுக்கு அறுபதுக்கு மேல் போகாது, சார். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க. இ.எம்.ஐ. இருக்கு."

சென்னை திரும்பி இதை ஓர் இலக்கிய நண்பரிடம் சொன்னேன். நிறைய வாசித்தவர். சிரித்தார். "அறுபது போதாதாய்யா? மனுஷக் கண்ணுக்கு அதுக்கு மேல தெரியவே தெரியாது. இதெல்லாம் நுகர்வு வெறி."

ஒருவர் முடியாது என்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்கிறார். கேட்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டு பேரும் சொல்வது ஒன்றைத்தான்: மூடியைத் திறக்காதே. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேருக்கும் எதிரானது.

முதலில் நண்பர். 60 என்பது கண்ணின் எல்லை என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைகிறது. படத்தில் மின்சாரத்தின் பட்டைகள் நெளியக்கூடாது என்பதற்காக, பழைய குழாய் டிவியின் வேகத்தை அதோடு பொருத்தினார்கள். நம் ஊர் மின்சாரம் 50. அதனால்தான் தூர்தர்ஷனும் 50-ல் ஓடியது. குழாய் போய் எல்சிடி வந்த பிறகும் 60 அப்படியே கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டது. கண்ணை அளந்து வைத்த எண் அல்ல அது, கரண்ட் கம்பி கொடுத்த எண். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும், 144-ல் 6.9. நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு ஸ்கிரீன்களைப் பக்கத்தில் வைத்து மவுஸ் அம்பை வேகமாக இழுத்துப் பாருங்கள். எங்கள் அக்காவுக்கே வித்தியாசம் தெரிந்தது. அவர் இதுவரை ஒரு கேம்கூட ஆடியதில்லை.

அடுத்து "முடியாது". இந்த முடியாமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். முழு எச்டி ஸ்கிரீனில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை அனுப்ப சுமார் 300 கோடி பிட் ஓட வேண்டும். 144 முறை என்றால் 700 கோடிக்கு மேல். மதர்போர்டிலிருந்து ஸ்கிரீனுக்குப் போகும் கேபிளில் இதற்கென்று தடங்கள் உண்டு. பழைய வேகக் கணக்கில் ஒரு தடம் 216 கோடி பிட் தாங்கும். 60-க்கு இரண்டு தடம் போதும். அதற்கு 30 பின் கேபிள். 144-க்கு நான்கு தடம் வேண்டும். அதற்கு 40 பின். விஷயம் இவ்வளவுதான்.

சட்டத்தைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தோம். ஸ்கிரீன் பக்கம் 30 பின். மதர்போர்டுப் பக்கம் 40 பின் சாக்கெட், நான்கு தடமும் தயாராக. அதே மதர்போர்டு, அதே உடல், வேறு ஸ்கிரீனோடு இன்னொரு விலையில் விற்கப்படுகிறது. நம் பையனுக்கு விற்றதில் குறைவான கேபிளைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள். "போகாது" என்று சர்வீஸ் சென்டர் சொன்ன இடத்தில் இருந்தது ஒரு கேபிள்.

ஸ்கிரீனைச் செய்வதும் லேப்டாப் கம்பெனி அல்ல. பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே என்று சில நிறுவனங்கள் பேனல் செய்கின்றன. எல்லா பிராண்டும் அவர்களிடம்தான் வாங்குகிறது. பேனலின் முதுகில் எண் இருக்கும். நடுவில் 156 என்றிருந்தால் 15.6 அங்குலம். அந்த எண்ணோடு ரிச்சி தெருவில் இரண்டு கடை ஏறினேன். ஸ்கிரீனும் கேபிளும் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். மாற்ற ஒன்றரை மணி நேரம். அதில் அரை மணி நேரம் கீழே விழுந்த ஒரு ஸ்குரூவைத் தேடியது.

"வாரண்டி போயிடுமே?" போன வாரண்டி அது. "பேட்டரி ஆபத்தாச்சே?" ஆமாம், உப்பிய பேட்டரியில் கை வைக்காதீர்கள். இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும்: சில மதர்போர்டுகளில் இரண்டு தடம் மட்டுமே இழுத்திருப்பார்கள். அங்கே எந்தக் கேபிளும் உதவாது. 144 என்ற ஸ்டிக்கரையும் கும்பிடாதீர்கள். மலிவான பேனல்களில் திரவப் படிகம் நிறம் மாற 20 மில்லிநொடிக்கு மேல் எடுக்கும். 7 மில்லிநொடிக்கு ஒரு படம் வந்தால் எல்லாம் ஈஷிக்கொண்டுதான் தெரியும். இயற்பியல் சொல்லும் முடியாதுக்கு நான் தலைவணங்குவேன். விற்பனைப் பிரிவு சொல்லும் முடியாதுக்கு மாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க மூடியைத் திறந்தாக வேண்டும்.

இது லேப்டாப் கதை மட்டும் அல்ல. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் ஓர் இணையதளம் வந்தது. 2024-ல் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கு இன்னொரு குழு. பிரான்சிலோ 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும் இடத்திலேயே அதை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டாக வேண்டும். நம்மிடம் மின்கழிவு விதிகள் இருக்கின்றன, 2023 ஏப்ரல் முதல் அமலில். செத்த பிறகு செய்ய வேண்டிய காரியத்துக்கு விதி எழுதிவிட்டோம். வைத்தியத்துக்குக் குழுதான் அமைத்தோம்.

இப்போது நண்பரின் "நுகர்வு வெறி"க்கு வருகிறேன். எங்கள் பக்கம் வேர்க்கடலையும் நெல்லும். கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனால் யாரும் புது மோட்டார் வாங்க ஓடுவதில்லை. தேசூருக்கோ வந்தவாசிக்கோ செஞ்சிக்கோ கொண்டுபோய்க் காயில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதே உடம்பு, புதுச் செம்பு. அந்த விவசாயியை நண்பர் எளிமையின் உருவம் என்று எழுதுவார். அதே வேலையை அந்த விவசாயியின் பேரன் ஸ்கிரீனுக்குச் செய்தால் வெறியன் என்பார். முழு லேப்டாப்பையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கச் சொல்வதுதான் நுகர்வு. ஒரு பாகத்தை மட்டும் மாற்றி மிச்சத்தைக் காப்பாற்றுவது அதற்கு நேர் எதிர்.

பழமை மேல் பற்று உள்ளவர்கள் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. அவன் பட்டப்பெயரால் அவனிபாஜன பல்லவேஸ்வரம். தமிழகத்தின் மிகப் பழைய நடராசர் வடிவங்களில் ஒன்று அங்கே கல்லில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வெளியே நின்றால் குகையே தெரியாது. பின்னால் வந்தவர்கள் முன்னால் மண்டபம் மண்டபமாகச் சேர்த்திருக்கிறார்கள். கருவறையை யாரும் எக்ஸ்சேஞ்சில் போடவில்லை. செஞ்சிக் கோட்டையை 1677-ல் பிடித்த சிவாஜி அதை இடித்துவிட்டுப் புதிது கட்டவில்லை, இருந்த மதிலைப் பலப்படுத்தினார். நீங்கள் அங்கே ஏறியிருந்தால், பல கைகள் மாற்றி மாற்றிக் கட்டிய சுவரைத்தான் தொட்டிருப்பீர்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அப்படி மாற்றப்பட்ட கோட்டைதான்.

ஆகவே, லேப்டாப் வாங்கப் போகும் தம்பி தங்கைகளே, கடைக்காரரிடம் இலக்கத்தை மட்டும் கேட்காதீர்கள். பேனல் எண் என்ன? போர்டில் 40 பின் இருக்கிறதா? பாகம் தனியாகக் கிடைக்குமா? பதில் தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப் பேர் இப்படி எழுந்து போனால் பதினோராவது ஆள் வருவதற்குள் பதிலைத் தெரிந்துவைத்திருப்பார்கள்.

பையன் செட்டிங்ஸில் 144-ஐ வைத்தான். கேம் திறப்பான் என்று நினைத்தேன். குகை மாதிரியைத் திறந்து மெல்லச் சுழற்றினான். தூண்கள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. "கரண்ட் இல்லாதப்ப 60-க்கு மாத்திடு, பேட்டரி நிக்கும்" என்றேன். தலையாட்டினான்.

கழற்றிய பழைய ஸ்கிரீனைக் குப்பையில் போடவில்லை. அவன் வகுப்புத் தோழி ஒருத்தியின் லேப்டாப் கீழே விழுந்து கண்ணாடி கீறிக் கிடந்ததாம். அவளுக்கு அறுபது போதும். அவனே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான்.