லிங்க்கை நம்பாதீர் தோழர்களே

'லிங்க் வச்சிருக்கேன் தோழர், அப்புறம் பாத்துக்கலாம்.' நானும் இப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஒரு கூட்டத்தில் போட்டுக்காட்டக் குறித்து வைத்திருந்த காட்சியைத் திறந்தேன். 'இந்த வீடியோ இல்லை' என்று வந்தது. எடுத்த தம்பியிடமும் பிரதி கிடையாது, போன் உடைஞ்சுபோச்சாம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் சாட்சியத்தை அடுத்தவன் வீட்டில் வைத்துவிட்டு வெறும் விலாசத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்!

சிரியாவில் குண்டு விழுந்த தெருக்களை அங்கத்திய சனங்களே படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார்கள். 2017 ஆகஸ்டில், பயங்கரவாதப் பிரச்சாரத்தைக் களைவதற்கென்று அந்நிறுவனம் ஏவிய எந்திரம் இவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. அடித்தவன் எடுத்த படமும் அடிபட்டவன் எடுத்த படமும் எந்திரத்துக்கு ஒண்ணுதான். முறையிட்ட பிறகு சில திரும்பின. 2014இல் தொடங்கிய 'சிரியன் ஆர்க்கைவ்' குழுவினர் தனியே பிரதியெடுத்து வைத்திருந்ததால் பல காட்சிகள் பிழைத்தன.

பிரதியெடுப்பது பெரிய வித்தை இல்லை. இணைய வீடியோ பெரும்பாலும் சில விநாடித் துண்டுகளாகத்தான் வருகிறது. ஒய்டி-டிஎல்பி போன்ற இலவச மென்பொருள் அத்துண்டுகளைப் பொறுக்கி ஒரே கோப்பாக்கித் தந்துவிடும். இதற்கு மூத்ததான யூடியூப்-டிஎல்லை 2020 அக்டோபரில் அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கம் கிட்ஹப்பிலிருந்து இறக்க வைத்தது. எதிர்ப்புக் கிளம்பி நவம்பரில் திரும்பி வந்தது.

'இது திருட்டில்லையா?' என்பார்கள். சினிமாவை இறக்கி விற்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தளங்களின் விதிகள் இதற்கு இடம் தருவதில்லை என்பதும் தெரியும். ஆனால், அடிபட்டவன் தன் போனில் எடுத்த சாட்சியம் கம்பெனியின் தயவில் கிடக்கணுமா?

ஆகவே, முதலில் எடுத்தவரிடமே மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது சுருங்கிய பிரதி. கிடைக்காதபோது இறக்குங்கள். முகவரி, ஏற்றியவர், தேதி எல்லாம் அன்றைக்கே எழுதி வையுங்கள். 'ஹேஷ்' எண்ணையும் எடுங்கள். அது கோப்பின் கைரேகை. கோப்பில் துளி மாறினாலும் எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழிலும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

ஒன்று மட்டும். சேமிப்பது வேறு, பரப்புவது வேறு. பாதிக்கப்பட்ட பெண்ணின், குழந்தையின் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு அதைப் போராட்டம் என்று சொல்லாதீர்கள்.

இன்று ராத்திரியே உங்கள் லிங்க்குகளைத் திறந்து பாருங்கள். எத்தனை உயிரோடு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க தோழர்.