இலக்கணமா, வழக்கா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், ஆங்கிலக் கல்வியைப் பற்றிய பேச்சு எழாத வீடு அரிது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் வாழ்வோர்க்கும், அலுவலின் பொருட்டோ வணிகத்தின் பொருட்டோ பின்னர் வந்து குடியேறியோர்க்கும் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றிய கவலை ஒன்றே. ஆனால் அக்கவலைக்கு அவர்கள் கூறும் மருந்து வேறு வேறு. "வாய் திறந்து தயங்காமல் நான்கு வார்த்தை பேசினால் போதும், இலக்கணம் தானே வரும்" என்பர் சிலர். "இலக்கணம் அறியாதவன் பேச்சு கரையில்லாத ஏரி, முதலில் விதிகளை மனப்பாடம் செய்யட்டும்" என்பர் வேறு சிலர். பெரும்பாலும் பெற்றோர் முதற் கட்சி. பாட்டனார் இரண்டாம் கட்சி. இருவருக்கும் இடையில் நின்று விழிப்பது பிள்ளை. இத்திங்கள் அப்பிள்ளையின் பக்கம் நின்று இதனை ஆராய்வோம்.

வழக்கும் விதியும் எங்கே மோதுகின்றன என்பதை முதலில் காண்போம். கதவைத் தட்டுபவரை யாரென்று வினவினால், ஆங்கிலேயர் "இட் ஈஸ் மீ" என்றே விடை கூறுவர். பழைய இலக்கண நூலோ "இட் ஈஸ் ஐ" என்பதே பிழையற்றது என்னும். யாரைத் தேடுகிறீர்கள் என்பதற்கு நாள்தோறும் வழங்கும் தொடர் "ஹூ ஆர் யூ லுக்கிங் ஃபார்?" என்பது. பழைய விதிப்படி கூறின், "ஃபார் ஹூம் ஆர் யூ லுக்கிங்?" என்று கூறவேண்டும். கடைத்தெருவில் ஒருவர் அவ்வாறு கேட்பாராயின், எதிரில் நிற்பவர் சிறிது திகைக்கவே செய்வார்.

'ஃபார்', 'வித்' போன்ற சொற்கள் வாக்கியத்தின் இறுதியில் நிற்றலாகாது என்னும் இவ்விதி எங்கிருந்து வந்தது? 1672-ஆம் ஆண்டில் டிரைடன் என்னும் ஆங்கிலக் கவிஞர், தமக்கு முற்பட்ட பென் ஜான்சனின் எழுத்தில் இதனை ஒரு குறையாக எடுத்துக் காட்டினார். இலத்தீன் மொழியே திருந்திய மொழிக்கு அளவுகோல் என்று கற்றோர் கருதிய காலம் அது. பின்னர் 1762-இல் இலக்கணம் எழுதிய இராபர்ட் லௌத், இவ்வழக்கு உரையாடலில் பெரிதும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, உயர்ந்த நடைக்கு மற்றதே பொருந்தும் என்று மட்டும் கூறினார். அவருக்குப் பின் வந்த பள்ளி நூல்களோ, அந்த மென்மையான அறிவுரையைக் கடுமையான தடையாக்கிவிட்டன. ஆங்கிலேயரின் நாவோ அத்தடைக்கு என்றும் கட்டுப்பட்டதில்லை.

எனவே விதிகள் அனைத்தும் ஒரே எடையுடையவை அல்ல. மொழியின் எலும்பு போன்றவை சில. "ஹி கோ எஸ்டர்டே" என்பது பொது ஆங்கிலத்தில் எவர் காதிலும் பிழையாகவே ஒலிக்கும். இடத்திற்கேற்ற உடை போன்றவை சில. அலுவலகக் கடிதத்திற்கு ஒரு நடை, நண்பருக்கு ஒரு நடை என்பது அவ்வகை. வேறு சில, வேற்று மொழியின் சட்டையை ஆங்கிலத்திற்கு மாட்டியதால் வந்தவை. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதே துன்பத்தின் தொடக்கம்.

இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அதாவது, இன்று நம்மவர் நாள்தோறும் அண்ணாந்து காணும் அதே மலை. அப்பாயிரமே, மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து அந்நூல் செய்யப்பட்டதாகவும் கூறுகிறது. பவணந்தியாரின் நன்னூல் இன்னும் ஒருபடி சென்று, இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாகப் பகுக்கிறது. 'இல்முன்' என்பது 'முன்றில்' என்று முன்பின்னாக மாறி வழங்கினும், தஞ்சாவூர் என்பது தஞ்சை எனக் குறுகினும், அவற்றைப் பிழையென்று தள்ளாமல் பெயரிட்டு இடம் தந்தனர் நம் முன்னோர். சிற்றூர் என்பதே சித்தூர் ஆயிற்று என்பர். அதற்காக இன்று எவரும் அவ்வூரைத் திருத்தப் புகுவதில்லை. வழக்கு முன்னே செல்ல, இலக்கணம் அதனை நோக்கி ஒழுங்குபடுத்துவதே நம் மரபு.

இனி, நம் பகுதியில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சித்தூர் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்தது. அக்காலப் பள்ளிகளில் முதலில் நெஸ்பீல்டின் இலக்கணமும், 1930-களுக்குப் பின் ரென், மார்ட்டின் என்னும் இருவர் இயற்றிய நூலும் செல்வாக்குடன் விளங்கின. சொற்களை வகைப்படுத்துதல், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுதல், நேர்கூற்றை அயற்கூற்றாக்குதல் ஆகியவையே பயிற்சி. ரென், மார்ட்டின் நூல் முதலில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயப் பிள்ளைகளைக் கருதி எழுதப்பட்டது என்பதை நம்மவர் பலர் அறியார். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைக்கு, முன்பே தெரிந்த மொழியைச் செப்பனிட அந்நூல் உதவிற்று. வீட்டில் ஆங்கிலமே கேளாத பிள்ளைக்கு, அடுப்பில் அரிசி ஏற்றுமுன் பரிமாறும் முறையைக் கற்பித்தது போலாயிற்று.

பாட்டனார் கட்சியினர் இதற்கு விடை வைத்திருக்கின்றனர். "அந்தக் கல்வியில்தானே இராதாகிருஷ்ணன் தோன்றினார்?" என்பர். உண்மையே. திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியில் லூதரன் சங்கப் பள்ளியில் பயின்ற அவர், 1936-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்த இராமலிங்க ரெட்டியார், கேம்பிரிட்ஜில் பயின்று, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். ஆயினும் இப்பெரியோர் பரந்த நூற்பயிற்சி உடையவர்கள். விதி அவர்களுக்குத் தந்தது ஒரு பங்காயின், எண்ணற்ற நூல்களின் வழியே உள்ளத்தில் ஊறிய வழக்கு தந்தது ஒன்பது பங்கு. அதே வகுப்புகளில் விதிகளை ஒப்பித்து, மதிப்பெண்ணும் பெற்று, ஒரு வாக்கியம் பேச அஞ்சி வாழ்நாளைக் கழித்தவர் எத்தனை பேர்! அவர்கள் பெயரை வரலாறு எழுதி வைப்பதில்லை.

இக்குறையை அரசினரும் உணர்ந்தனர். 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என இன்று விளங்குவது அதுவே. அடுத்த ஆண்டில், எல்லைக்கு அப்பால் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 27,000 பேருக்குப் புதிய முறையில் பயிற்சி தரும் பெருமுயற்சி தொடங்கிற்று. முதலில் சிலர் பயின்று, அவர் பலருக்குப் பயிற்றி, அப்பலர் மேலும் பலருக்குப் பயிற்றும் முறையாதலின், அதனைப் பனியுருண்டைத் திட்டம் என்றனர். விதியை ஒப்பிப்பதற்கு மாறாக, வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாய்மொழியாகப் பழக்குவதே அம்முறை. விதி மனப்பாடம் ஒருவாறு குறைந்தது. ஆனால் "இது புத்தகம், அது நாற்காலி" என்று திரும்பத் திரும்பக் கூறிய பிள்ளை, வகுப்பிற்கு வெளியே அவற்றைக் கொண்டு ஒன்றும் பேச அறியவில்லை என்னும் குறை எஞ்சிற்று.

அக்குறையை நேர்நின்று ஆராய்ந்தவர் என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக வைக்காமல், பிள்ளைகள் மூளையைச் செலுத்தித் தீர்க்கவேண்டிய பணிகளை ஆங்கிலத்தில் தந்தார். இரயில் கால அட்டவணையைக் கொண்டு எந்த வண்டியில் செல்லலாம் என்று கணித்தல், வரைபடத்தைக் கண்டு வழி கூறுதல் போன்றவை அப்பணிகள். கருத்து பொருளின்மேல் ஊன்றி நிற்கையில், இலக்கணம் உள்ளத்தில் தானே படியும் என்பது அவர் கொள்கை.

விளைவு என்ன? 1985-இல் பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் வெளியிட்ட மதிப்பீடு, இரு கட்சியினரும் படிக்கத்தக்கது. அமைப்புகளைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறை மாணவரும், பணிகளைச் சோதிக்கும் தேர்வில் புதிய முறை மாணவரும் முன்நின்றனர். இரு முறைக்கும் பொதுவான தேர்வுகளில் புதிய முறையினரின் கை பெரும்பாலும் ஓங்கியிருந்தது. எனினும் இருவகை வகுப்புகளின் ஆசிரியரும் சூழலும் முற்றும் ஒத்தவை அல்ல என்பதையும் மதிப்பிட்டோர் மறைக்கவில்லை. நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கது இதுவே: எதனைப் பயிற்றுகிறோமோ அதுவே வரும். விதியைப் பயிற்றினால் விதி வரும். மொழியைப் பயிற்றினால் மொழி வரும்.

அவ்வாறாயின் பிழைகளைத் திருத்தவே வேண்டாவா? வேண்டும், ஆனால் பிழையின் வேரை அறிந்து திருத்தவேண்டும். நம் பிள்ளைகள் "ஐ ஹாட் கான் டு திருப்பதி எஸ்டர்டே" என்பர். ஆங்கிலேயர் அவ்விடத்தில் "ஐ வென்ட்" என்பர். பிள்ளையின் வாக்கியம் எங்கிருந்து வந்தது? "நேற்றுத் திருப்பதிக்குப் போயிருந்தேன்" என்னும் நல்ல தமிழிலிருந்து வந்தது. இன்னொன்று: "ஹி வில் கம், இஸ்ன்ட் இட்?" என்பர், "வோன்ட் ஹி?" என்பதே அங்கு வேண்டுவது. தமிழில் 'அல்லவா' என்னும் ஒரு சொல்லும், தெலுங்கில் 'கதா' என்னும் ஒரு சொல்லும் எல்லா வாக்கியத்திற்கும் போதும். ஆங்கிலமோ வினைக்குத் தக்கவாறு வாலை மாற்றுகிறது. "உன் ஆங்கிலம் தவறு" என்று அதட்டுவதினும், "நம் மொழிகளில் இப்படி, ஆங்கிலத்தில் அப்படி" என்று ஒப்பிட்டுக் காட்டினால் பிள்ளை ஒருமுறையில் பற்றிக்கொள்ளும். இரு மொழியுடன் வளரும் பிள்ளைக்கு அவ்வொப்பீடு எளிது. விதி பயன்படும் இடம் இதுவே. பிள்ளை பேசிய பின்னரே அது வரவேண்டும்.

எவருடைய வழக்கைக் கொள்வது என்னும் வினாவும் உண்டு. 'பிரிபோன்' என்பது நம் நாட்டில் பிறந்த ஆங்கிலச் சொல். குறித்த நாளுக்கு முன்னரே வைத்தல் என்பது பொருள். இன்று அயல்நாட்டு அகராதிகளும் அதற்கு இடம் தந்துள்ளன. இவ்வகை ஆங்கிலத்தைப் பள்ளியில் முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று 1990, 1991-ஆம் ஆண்டுகளில் அறிஞர் இருவர் வாதிட்டனர். பொது ஆங்கிலத்தையே கற்பித்தல் வேண்டும், அதனை மறுப்பது மாணவர்க்குத் தீங்கு என்றார் இங்கிலாந்தின் இராண்டால்ப் குவர்க்கு. அந்தந்த நாட்டு ஆங்கிலத்திற்கும் தனித் தகுதி உண்டு என்றார் காஷ்மீரத்தில் பிறந்த பிரஜ் கச்ரு. நம் இல்லங்களுக்கு இருவர் சொல்லும் வேண்டும். ஊரில் பேச நம் ஆங்கிலம் போதும். அயலூர் வேலைக்கு விண்ணப்பம் எழுதப் பொது ஆங்கிலம் வேண்டும். எந்த இடத்திற்கு எது என்று அறிவதும் கல்வியே.

திருமலை செல்லும் வழியில் பூ விற்கும் பெண்ணைக் காண்க. தமிழர்க்குத் தமிழிலும், தெலுங்கர்க்குத் தெலுங்கிலும், கன்னடர்க்குக் கன்னடத்திலும் விலை கூறுகிறாள். எந்த இலக்கணமும் அவள் கற்றிலள்; தேவையும் காதும் அவளுக்கு ஆசிரியர். ஆயினும் அம்மொழிகளில் ஒரு மனு எழுத அவளால் இயலாது. பேச்சிற்கு வழக்கு போதும். எழுத்திற்கு விதியின் துணை வேண்டும் என்பதற்கு அவளே சான்று.

இத்துணையும் ஆங்கிலத்தைப் பற்றிக் கூறினோம். ஆனால் நம்மை உறுத்தும் செய்தி வேறொன்று உண்டு. திருப்பதியில் வளரும் நம் சிறுமி ஒருத்தி, வேலூரிலோ சென்னையிலோ நிகழும் உறவினர் திருமணத்திற்குச் செல்கிறாள். "அத்தை, நாளைக்கும் நீங்க இருப்பீங்க கதா?" என்று அன்புடன் கேட்கிறாள். கூடியிருப்போர் நகைக்கின்றனர், ஒருவர் அவளைப் போலவே பேசிக் காட்டுகிறார். அவர்கள் தீயவர் அல்லர், விளையாட்டாகவே செய்கின்றனர். ஆனால் அடுத்த வினாவிற்கு அச்சிறுமி ஆங்கிலத்தில் விடை கூறுகிறாள். அதற்கடுத்து விடையே கூறுவதில்லை. தமிழ் ஒரு வீட்டை விட்டு நீங்குவது இவ்வாறுதான். ஆங்கில வகுப்பில் வாக்கியந்தோறும் திருத்தப்பட்ட பிள்ளை ஆங்கிலத்தில் ஊமையாவதும், உறவினர் நகைத்த பிள்ளை தமிழில் ஊமையாவதும் ஒரே நோயின் இரு முகங்கள். ஆங்கிலத்தை வேறு பள்ளியில் மீண்டும் கற்கலாம். இந்நாட்டில் பிள்ளைக்குத் தமிழுக்கு வீட்டை விட்டால் வேறு பள்ளி எங்கே?

ஆதலின் நம் இல்லங்களுக்குச் சில வேண்டுகோள். பிள்ளை பேசும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள், பேசி முடித்தபின், அவ்வாக்கியத்தையே செம்மையாக நீங்கள் ஒருமுறை கூறுங்கள், அதுவே போதும். பொருளைக் கெடுக்கும் பிழையை முதலில் கவனியுங்கள். மற்றவை காலத்தால் திருந்தும். திருப்பதியிலிருந்து சித்தூர் வழியே காட்பாடி செல்லும் வண்டிகளின் கால அட்டவணையைத் தந்து, எதில் செல்லலாம் என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். அடுத்த நாள் அதனையே தமிழில் கேளுங்கள். நாளும் ஒரு பக்கமேனும் இரு மொழியிலும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு வயது நிரம்பி, எழுத்து நடை வேண்டப்படும் காலத்தில் இலக்கண நூலை எடுத்துக் கொடுங்கள். பாட்டனார் அலமாரியில் போற்றி வைத்த நூல் அப்பொழுது நன்கு உதவும்; முன்பே வாயில் உள்ள மொழிக்கு அது விளக்கம் தரும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, விருந்தினர் முன்னிலையில் பிள்ளையின் மொழியைக் கேலி செய்ய எவரையும் விடாதீர்கள், அவர் எத்துணை நெருங்கிய உறவினர் ஆயினும். அடுத்த திருமணத்திற்குச் செல்லுமுன் அன்பர்கள் இதனைத் தம் சுற்றத்தாரிடம் எடுத்துக் கூறுவார்களாக.