வெள்ளைக் கோட்டுச் சாலைகள்

பிரான்ஸ் நாட்டின் மிஷெலின் சாலை வரைபடத்தைப் பிரித்தால் விதவிதமான நிறங்களில் கோடுகள் தெரியும். சிவப்பு என்றால் பெரிய சாலை. லாரிகளும் கார்களும் பறக்கும். மஞ்சள் என்றால் அதற்கு அடுத்த நிலை. வெள்ளைக் கோடு? அது ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போகிற ஒடுக்கமான தார்ச்சாலை. ஒரு டிராக்டர் வரும். தபால்காரரின் மஞ்சள் வேன் வரும். அதன் பிறகு வெகுநேரத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

சைக்கிளில் பிரான்ஸைச் சுற்றுகிறவர்கள் தேடுவது இந்த வெள்ளைக் கோடுகளைத்தான். சில சாலைகளின் ஓரமாகப் பச்சைக் கோடு ஒன்றும் கூடவே ஓடும். பார்க்க அழகான பாதை என்று அதற்குப் பொருள். வெள்ளையும் பச்சையும் சேர்ந்து கிடைத்துவிட்டால் போதும், அன்றைய வழி முடிவாகிவிடும்.

எங்கிருந்து வந்தன இத்தனை சாலைகள்?

பிரான்ஸில் சுமார் 11 லட்சம் கி.மீ. நீளத்துக்குச் சாலைகள் இருக்கின்றன. விரைவுச் சாலைகளும் தேசியச் சாலைகளும் அதில் மிகச் சிறிய பங்குதான். மற்றவை எல்லாம் மாவட்ட நிர்வாகமும் உள்ளூர் நிர்வாகமும் பராமரிப்பவை. அந்த நாட்டில் ‘கொம்யூன்’ எனப்படும் ஊராட்சிகள் ஏறக்குறைய 35,000 உண்டு. நூறு பேர் மட்டுமே வசிக்கிற ஊருக்கும் ஒரு மேயர் இருப்பார், மேயர் அலுவலகம் இருக்கும், பக்கத்து ஊர்களுக்கு ஒழுங்கான தார்ச்சாலையும் இருக்கும். மாவட்டச் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் ‘டி’ என்ற எழுத்து வரும். வெள்ளை உடம்பும் மஞ்சள் தலையுமாக ஓரத்தில் நிற்கிற கி.மீ. கற்களைப் பார்த்தாலே மாவட்டச் சாலை என்று தெரிந்துவிடும்.

பட்டு வியாபாரி தொடங்கி வைத்த பழக்கம்

பிரான்ஸ், சைக்கிள் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தால் ‘டூர் து பிரான்ஸ்’ போட்டிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது 1903-ல் தொடங்கியது. ஆனால், அவசரமில்லாமல் ஊர் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதிக்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பால் து விவி. 1853-ல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தில் இருந்தவர், அதை விட்டுவிட்டு சான் எத்தியென் நகரில் சைக்கிள் கடை வைத்தார், பத்திரிகையும் நடத்தினார். ‘வெலோசியோ’ என்பது அவருடைய புனைபெயர்.

மேடு ஏறுவதற்குக் கியர் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் அவர். டூர் போட்டியை நிறுவிய ஆன்ரி தெக்ராஞ்ச் அதை ஏற்கவில்லை. கால் பலத்தால் ஜெயிப்பதே வீரம் என்பது அவர் கட்சி. அந்தப் போட்டியில் இன்றைய பாணிக் கியர்களுக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதைப் பார்க்க வெலோசியோ இல்லை. 1930-ல் டிராம் மோதி இறந்துவிட்டார்.

அவர் சொல்லிவிட்டுப் போன ஏழு விதிகள் இன்றைக்கும் சைக்கிள் பயணிகளுக்குப் பாடம். பசிக்கும் முன்பே கொஞ்சம் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்பே குடி, அடுத்த வேளைச் சாப்பாடும் தூக்கமும் கெடுகிற அளவுக்குக் களைத்துப் போகாதே... இப்படிப் போகும். சைவ உணவுக்காரரான அவர், வழியில் மது, மாமிசம், புகையிலை வேண்டாம் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவர் பார்க்க வேண்டும் என்பதற்காக மிதிக்காதே என்றார்.

இரண்டு நாள், ஒரு வழி

வெள்ளைக் கோட்டுச் சாலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளலாம். பிரான்ஸின் நடுப்பகுதியில் லிமோஜ் நகரம். அதற்குக் கிழக்கே 20 கி.மீ. தூரத்தில் சான் லெயோனார் து நோப்லா என்ற பழைய ஊர். லிமோஜிலிருந்து அங்கே ரயில் உண்டு. மாநில ரயில்கள் பெரும்பாலானவற்றில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த ஊரில் வாழ்ந்து 2019-ல் மறைந்தவர் ரேமோன் புலிதோர். எளிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 14 முறை டூர் போட்டியில் இறங்கி, எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர். ஆனால், முதலிடத்தில் இருப்பவர் அணிகிற மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூட அவர் போட்டதில்லை. அப்படியும், ஜெயித்தவர்களைவிட மக்கள் அவரைத்தான் அதிகம் கொண்டாடினார்கள். 2021-ல் அவருடைய பேரன் மாத்தியூ வான் டெர் போல் அந்தச் சட்டையைப் போட்டபோது தாத்தாவை நினைத்துக் கண்ணீர் விட்டார்.

இங்கிருந்து கிழக்கே பேரா லெ ஷாத்தோ, அதைத் தாண்டினால் வாசிவியேர் ஏரி. மின்சாரத்துக்காக அணை கட்டி 1950 வாக்கில் உருவாக்கிய செயற்கை ஏரி அது. சுமார் 1,000 ஹெக்டேர் பரப்பு. 1985-ல் கிரெக் லெமாண்ட் இந்தக் கரையில்தான் ஒரு கட்டத்தை ஜெயித்தார். டூர் போட்டியில் அமெரிக்கர் ஒருவருக்குக் கிடைத்த முதல் கட்ட வெற்றி அது.

அதன் பிறகு மில்வாஷ் மேட்டுநிலம். பெயரைக் கேட்டால் ‘ஆயிரம் பசுக்கள்’ என்பது போல இருக்கும். செம்பழுப்பு நிற லிமூசான் மாடுகளும் வழியெல்லாம் மேய்ந்துகொண்டிருக்கும். இங்கே ஆல்ப்ஸ் மலை போலச் செங்குத்து ஏற்றங்கள் கிடையாது. மேட்டுநிலத்தின் உச்சியே 1,000 மீட்டரைத் தொடாது. ஆனால், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். வெலோசியோ ஏன் கியர் கேட்டார் என்பது முழங்காலுக்குப் புரியும். ஜாந்தியூ கிராமத்தைக் கடந்து ஃபெலத்தான் ஊருக்கு இறங்கி, க்ரூஸ் நதியை ஒட்டியே போனால் ஒபுசோன். அந்த ஊரின் நெசவு ஓவியக் கலை 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நிதானமாக மிதித்தால் இரண்டு நாளில் வந்து சேரலாம்.

கிளம்பும் முன்

முதல் முறை போகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் கார் நுழையாத பாதையில் தொடங்கலாம். பர்கண்டியில் ஜிவ்ரி முதல் க்ளூனி வரை, ரயில் நின்றுபோன பழைய தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். 1997-ல் திறந்தது. பிரான்ஸின் முதல் ‘பசுமைப் பாதை’ இதுதான். லுவார் நதியோரமாகச் சுமார் 900 கி.மீ. நீளும் பாதையும் பெரும்பாலும் சமதரைதான்.

சாலைக்கு வந்துவிட்டால் சில விதிகள். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிற கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். இரவிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே போனால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். கிராமத்துச் சந்திப்பில் அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை என்றால் வலப்பக்கம் வருகிறவருக்கே முன்னுரிமை. சின்ன சந்துதானே என்று அலட்சியமாகக் கடக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. மதியம் 12 மணிக்குக் கிராமத்துக் கடைகள் மூடினால் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மாலையும் திங்கட்கிழமையும் பல கடைகளுக்கு விடுமுறை. அதனால் ரொட்டியைக் காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தீர்ந்துபோனால் அனுபவசாலிகள் கல்லறைத் தோட்டத்தைத் தேடுவார்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். ‘குடிநீர் அல்ல’ என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமைதியின் விலை

இந்தச் சாலைகள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன? மேலே சொன்ன ஜாந்தியூ, க்ரூஸ் மாவட்டத்தில் இருக்கிறது. 1851-ல் அந்த மாவட்டத்தில் 2,87,000 பேர் வாழ்ந்தார்கள். இன்றைக்கு 1,20,000 பேர்கூட இல்லை. அந்தக் காலத்தில் இந்த மண்ணின் ஆண்கள் வசந்தம் வந்தால் கொத்தனார் வேலைக்குப் பாரிஸ் கிளம்புவார்கள், குளிர்காலத்தில் சம்பாத்தியத்தோடு திரும்புவார்கள். 19-ம் நூற்றாண்டுப் பாரிஸின் பெரிய பெரிய கட்டடங்களில் அவர்கள் கைவேலை உண்டு. போகப் போகக் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். அதன் மேல் முதல் உலகப் போர் வந்தது.

ஜாந்தியூ கிராமத்தின் நினைவுத் தூண் முன்னால் சைக்கிளை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. பள்ளிக்கூட அங்கி போட்ட ஒரு அநாதைச் சிறுவன், கையில் தொப்பி, இன்னொரு கை முஷ்டியாக மடங்கி இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நோக்கி நீட்டியிருக்கிறது. கீழே எழுதியிருக்கும் வாசகம், போர் நாசமாய்ப் போகட்டும் என்று சபிக்கிறது. பிரான்ஸின் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இப்படி ஒரு தூண் உண்டு. பெரும்பாலானவை தியாகத்தைப் போற்றும். இது திட்டுகிறது. சின்னஞ்சிறு ஊர், அதற்கு இத்தனை பெயர்களா என்று எண்ணிப் பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

அடுத்தடுத்த கிராமங்களில் மூடிய ஜன்னல் கதவுகள் கண்ணில் படும். சுவரில் ‘கஃபே’ என்ற எழுத்து மங்கித் தெரியும், உள்ளே கஃபே இருக்காது. ரொட்டிக்கடை போன ஊர்களில் ரொட்டி தரும் இயந்திரம் நிற்கும். கடைசிக் கடையும் மூடிவிடக் கூடாது என்று ஊராட்சியே கட்டடத்தை வாங்கிக் குறைந்த வாடகைக்கு விடுகிற ஊர்களும் உண்டு. சைக்கிள்காரர் ஆசைப்பட்டு வந்த அமைதியை அந்த ஊர்க்காரர் கேட்டு வாங்கவில்லை.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை, போவதுதான் நல்லது. கார்க்காரர் இந்த ஊரை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவார். சைக்கிள்காரருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், காற்றடிக்க பம்பு தேவைப்படும், பொழுது சாய்ந்தால் படுக்க இடம் வேண்டும். நின்றுதான் ஆக வேண்டும். பைநிறைய எல்லாவற்றையும் நகரத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பாமல், ஒரு ரொட்டியையும் ஒரு காபியையுமாவது அந்த ஊருக்கென்று மிச்சம் வைக்கலாம்.

உள்ளே நுழையும்போது ‘போன்ஷூர்’ என்று ஒரு வணக்கம் சொல்ல மறக்கக் கூடாது. அங்கே அது வெறும் மரியாதை இல்லை. நான் வந்திருக்கிறேன், உங்களைப் பார்த்தேன் என்று சொல்வது. அன்றைக்கு அந்தக் கடைக்கு வந்த முதல் ஆள் அவராகவே இருக்கலாம்.